தென்னந்தோப்பை அடமானம் வைத்து விமானி படிப்பா?

தம்பி, நீங்கள் எழுதியது நாலு வரி. தங்கை +2வில் கணக்கும் இயற்பியலும் எடுத்து முடித்துவிட்டாள், விமானி ஆக வேண்டும் என்கிறாள். பாலக்காடு மாவட்ட எல்லையோரத்து வண்ணாமடையில் அப்பா பேரில் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை வைத்து 60 லட்சம் கடன் எடுக்க பாலக்காட்டு வங்கிக்குப் போவதா, பொள்ளாச்சி வங்கிக்குப் போவதா? கூடவே, கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சி பத்து லட்சம் முன்பணம் கட்டினால் சீட்டு உறுதி, கடனையும் நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொல்வதாகவும் ஒரு வரி. எந்த வங்கி என்று கேட்டிருந்தாலும், நடுவில் ஏதாவது ஆகிப்போனால் தோப்பு என்ன ஆகும் என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். வங்கி விஷயம் தானாக நடுவில் வரும்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்தொரு வருடம். அதில் பாதிக்கு மேல் எல்லையோரக் கிளைகளில்: வேலந்தாவளம் பக்கம் கொஞ்ச நாள், பிறகு பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர். கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் விமானிப் பயிற்சிக்கு ஐந்து கடன் என் கையெழுத்தில் போயிருக்கிறது. ஐந்தில் மூன்று நன்றாக முடிந்தது, ஒன்று இழுத்துப் பறித்து முடிந்தது, ஒன்றை நினைத்தால் இன்னும் தூக்கம் கெடும். நான் விமானம் ஓட்டியவன் இல்லை. பறப்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தப் பிள்ளைகள் பறந்த மணிகளை எழுதிவைக்கும் லாக் புக்கைப் புரட்டிக் கற்றது. கடனைப் பற்றிச் சொல்வது என் சொந்தச் சரக்கு. இரண்டையும் அந்தந்த எடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால்தான் எங்கே நிறுத்தலாம் என்பது தெரியும். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொடுக்கும் வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக. அதற்குள்ளேயே ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி 20 மணி நேரம், இரவில் 5 மணி நேரம் என்று கணக்குகள் உண்டு. இதுபோக ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் என்று எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்று தனித் தேர்வு. இந்தியாவில் இதற்கு விமானப் பயிற்சிப் பள்ளிகள் கேட்பது பொதுவாக 45 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை. உரிமம் கையில் வந்த பிறகும் ஏர்பஸ், போயிங், ஏடிஆர் போல ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். அது இன்னொரு 15 லட்சத்தைச் சுற்றி நிற்கும். உங்களிடம் 60 லட்சம் என்று சொன்னவர் இதைச் சேர்த்துச் சொன்னாரா, சேர்க்காமல் சொன்னாரா? இதுதான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இந்தச் செலவில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும்பகுதிப் பணம் பறக்கும் மணி நேரத்தில்தான் எரிகிறது. செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் குடிக்கும். ஆனால் தங்கை விமானி ஆக முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிற இரண்டு சோதனைகள், மருத்துவமும் எழுத்துத் தேர்வும், சில ஆயிரங்களிலும் ஒன்றிரண்டு லட்சத்திலும் முடிகிறவை. எனவே சின்னப் பணம் முதலில், பெரிய பணம் கடைசியில். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதைத் தலைகீழாகத்தான் செய்தார்கள். காரணம், பள்ளியும் கன்சல்டன்சியும் முன்பணத்தைத்தான் முதலில் கேட்கும்.

மருத்துவத்தைப் பாருங்கள். முதலில் கிளாஸ் 2, டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம். அதை முடித்ததும் கையோடு கிளாஸ் 1, வணிக உரிமத்துக்கு வேண்டிய மருத்துவத் தகுதி. பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் உட்பட சில இடங்களில் மட்டும் அதன் முதல் பரிசோதனை நடக்கும். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால் சிக்கல். இதயம், காது, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பணம் இருந்தும் மருத்துவத்தில் நின்றதற்கு நம் மாநிலத்திலேயே ஊரறிந்த உதாரணம் ஆடம் ஹாரி. 2019இல் கேரள அரசு அவருடைய பயிற்சிக்கு 23 லட்சத்துக்கு மேல் ஒதுக்கியது. திருநம்பியான அவர் எடுத்துக்கொண்ட ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டி மருத்துவத் தகுதி மறுக்கப்பட்டது. பெரிய சர்ச்சைக்குப் பிறகு 2022இல்தான் டிஜிசிஏ புதிய வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அவர் விஷயத்தில் நியாயம் அவர் பக்கம் என்பது என் கருத்து. நமக்கு வேண்டியது வேறு: கிளாஸ் 1 காகிதம் கையில் வராமல் ஒரு ரூபாய்கூடப் பள்ளிக்குப் போகக் கூடாது.

அடுத்து எழுத்துத் தேர்வு. டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் நம்பர் என்று ஒன்று வாங்கிவிட்டால் பறக்கத் தொடங்கும் முன்பே எழுதலாம். வீட்டிலிருந்தும் படிக்கலாம், கோச்சிங்கிலும் சேரலாம். என் ஐந்து பேரில் ஒரு பெண், கொழிஞ்சாம்பாறைக்காரி, தமிழ் மீடியத்தில் படித்தவள். தறி ஓடும் வீட்டில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வட்டமான சிஆர்-3 கணக்குச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நேவிகேஷன் போட்டுக்கொண்டிருப்பாள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்கே ஒரு நாள் சொல்லிக் கொடுத்தாள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உதாரணமாக வைத்து. பதினான்கு மாதத்தில் எல்லாத் தாளும் முடித்த பிறகுதான் கடன் மனுவோடு வந்தாள். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்ததும் என் மேலதிகாரிக்கு வேறு கேள்வியே வரவில்லை. ஒரு வருடம் வீணாகிறதே என்று தங்கைக்குத் தோன்றும். பள்ளியில் சேர்ந்துவிட்டு, வட்டி ஓடிக்கொண்டிருக்க, நேவிகேஷனில் இரண்டு முறை கோட் அடிப்பதோடு ஒப்பிட்டால் இந்த வருடம் மலிவு.

இனி கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள விமானிப் பயிற்சி வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. "இதுக்கெல்லாம் கடன் இல்லைங்க" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அது அவருக்குத் தெரியாதது. உங்கள் ஊர் எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. கல்விக் கடனுக்கு அந்த விதி பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் போர்ட்டலில் இணையத்திலேயே மனுப் போடலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

தோப்பு விவசாய நிலம். கடன் திரும்பி வராமல் போனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது சர்ஃபேசி சட்டம். ஆனால் அதன் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயிக்குப் பாதுகாப்பு என்று கொண்டுவந்தது. அதனாலேயே கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை ஈடாக எடுக்க மேனேஜர்கள் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்திருக்கிறேன். வீடு கட்டியிருக்கும் புரயிடம், அதாவது வயல் அல்லாத மேட்டு நிலம், என்றால் பேச்சே வேறு. உங்கள் ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். கேரளப் பத்திரத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நம் தமிழில் சொல்கிற நிலம் இல்லை, நெல்வயல். தென்னை நின்று நாற்பது வருடம் ஆகியிருந்தாலும் காகிதத்தில் வயல் என்றால் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், மதிப்பு பாதாளத்துக்குப் போகும். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு வேல்யூவர் இந்த ஒரு சொல்லில் ஏமாந்து, லட்சம் லட்சமாக மதிப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு எங்கள் பேனல் வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நேரில் பார்த்தேன்.

அதனால் எந்த வங்கி என்ற கேள்விக்கு என் பதில்: பாலக்காடு மாவட்டத்திலுள்ள கிளை. கரம் (நிலவரி) கட்டிய ரசீது, கைவசச் சான்றிதழ், லொக்கேஷன் ஸ்கெட்ச், வில்லங்கச் சான்று, முன்னாதாரம் (பழைய பத்திரம்) எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். பொள்ளாச்சிக் கிளையும் சட்டப்படி எடுக்கலாம்தான். நடைமுறையில் வக்கீல் கருத்து வாங்கவே மாதக்கணக்கில் இழுக்கும். அப்பாவின் வருமானத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும். கள்ளுக்கு மரம் விட்டு வரும் காசு கைக்குத்தான் வருகிறது, கணக்குக்கு வருவதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வங்கிக்கு அது தெரிந்தும் தெரியாததுதான். இந்த வருடத்திலிருந்தாவது அதை அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள்.

இப்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கணக்கு. கடன் 40 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட வட்டி 4,40,000. மாதத்துக்கு 36,667 ரூபாய், அசலில் ஒரு ரூபாய் குறையாமல். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 55,100, பதினைந்து வருடத்தில் அடைக்க 45,500. சேர்ந்துபோன வட்டியைச் சேர்த்தால் இதற்கும் மேலே. ஜெட் ஓட்டும் துணை விமானியின் சம்பளத்தில் இது கட்டக்கூடிய தொகைதான். உரிமம் வாங்கிய அடுத்த மாதமே வேலை வந்தால். சிலருக்கு ஆறு மாதத்தில் வந்தது, ஒருவனுக்கு மூன்று வருடம் ஆயிற்று, அந்த மூன்று வருடமும் அவன் அண்ணன் திருப்பூரில் ஓவர்டைம் பார்த்துத்தான் வட்டி கட்டினான். எனவே வேலை கிடைக்காத இரண்டு வருடத்துக்கு வட்டி கட்ட வீட்டில் வழி இருக்கிறதா என்பதுதான் நான் வைக்கும் அளவுகோல். அது இல்லையென்றால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் ஒரு சதவீதம் வரை சலுகை கொடுக்கும் வங்கிகள் உண்டு. வேலையில்லாக் காலத்துக்குத் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

வட்டி மானியம் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மத்திய அரசின் வட்டி மானியங்கள் பெரும்பாலும் தேசியத் தர அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கு என்று வகுத்தவை. பறக்கும் பள்ளி அதில் வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள், வந்தால் லாபம். உறுதியாகக் குறையக்கூடியது ஒன்று இருக்கிறது: ஜிஎஸ்டி. டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு வரி விலக்கு உண்டு என்று 2024 செப்டம்பர் கூட்டத்தில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது, அடுத்த மாதம் சுற்றறிக்கையும் வந்தது. 45 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 8,10,000. உங்கள் கையிலிருக்கும் கொட்டேஷனில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அதன் மேல் விரலை வைத்து ஏன் என்று கேளுங்கள்.

சாதி, மதம் பற்றி நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், கேரள அரசு திருவனந்தபுரத்தில் நடத்தும் ராஜீவ் காந்தி ஏவியேஷன் டெக்னாலஜி அகாடமி என்ற பறக்கும் பள்ளியில் படிக்க அவர்களுக்கான நலத்துறை பணம் கொடுத்து உதவியிருக்கிறது. மற்ற எந்தக் கதவையும் தட்டும் முன் அந்தத் துறையின் பாலக்காடு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். பிற்பட்டோர், சிறுபான்மையினர் என்றால் அவரவர் மேம்பாட்டுக் கழகங்களில் வணிக வங்கியைவிடக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு. எல்லையோரக்காரர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். பட்டியல்கள் மாநிலவாரியானவை. தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலில் இருக்கும் சாதி கேரளப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ரேஷன் கார்டு கொழிஞ்சாம்பாறையில், டிசி பொள்ளாச்சிப் பள்ளியில், அம்மா வழிச் சான்றிதழ் கோவை மாவட்டத்தில் என்று இருந்தால் இரண்டு பக்கமும் விரட்டுவார்கள். வில்லேஜ் ஆபீஸில் நேட்டிவிட்டி சான்றிதழை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள், அட்மிஷன் வாரத்தில் ஓடவேண்டாம்.

இனி, தூக்கம் கெடுக்கும் அந்த ஒன்று. பெயர்கள் வேண்டாம். பையன் நல்ல பையன், அப்பா வெல்ல மண்டியில் கணக்கெழுதுபவர். ஏப்ரலிலிருந்து கட்டணம் ஏறுகிறது, இப்போதே மொத்தமாகக் கட்டினால் பழைய விலை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம். நான் மீதி இரண்டு தவணையையும் ஒரே நாளில் விடுவித்தேன். பள்ளியிடம் இருந்தது இரண்டு விமானம். ஒன்று எஞ்சினுக்குக் காத்து ஹேங்கரில் நின்றது, மற்றதுக்கு முப்பது பிள்ளைகள் வரிசை. எட்டு மாதம் கழித்து அந்த அப்பா லாக் புக்கோடு வந்தார். மேசையில் விரித்து வைத்தார். தேதி, விடி என்று தொடங்கும் விமானப் பதிவெண், ஆசிரியரோடு பறந்தது, தனியாகப் பறந்தது என்று கட்டங்கள். பக்கத்தின் அடியில் பென்சிலில் கூட்டல்: 62 மணி 40 நிமிடம். கடைசித் தேதிக்குக் கீழே வெறும் கோடுகள். "சார், இதுல எழுதறதுக்கு இடம் நெறைய இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளி பிறகு மூடிக்கொண்டது. பையன் வேறிடத்தில் சேர்ந்தான். இடைவெளி விழுந்தால் கை மறந்துவிடும், பழைய பாடத்தைப் பணம் கொடுத்து மறுபடி பறக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய விவசாயக் காட்டில் பாதி போயிற்று. கடிதத்தை நம்பியது என் தப்பு. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையாக இருந்தாலும் லாக் புக் நகலைப் பார்க்காமல் அடுத்த தவணை நான் விட்டதில்லை. உங்கள் மேனேஜர் கேட்காவிட்டால் நீங்களே கேட்கச் சொல்லுங்கள்: பறந்த மணிக்கு மட்டும் பணம், இருபது இருபத்தைந்து மணிக்கு மேல் முன்பணம் இல்லை.

பள்ளிக்கு நேரில் போய் ஒரு முழு நாள் உட்காருங்கள். எத்தனை விமானம் உண்மையில் மேலே போகிறது, எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். போன வருடம் சேர்ந்தவன் யாரையாவது டீக்கடையில் பிடித்து எத்தனை மணி ஆயிற்று என்று கேளுங்கள். எஞ்சின் ஓடும் நேரத்துக்குப் பில்லா, விமானம் நகரும் நேரத்துக்கா என்றும் கேளுங்கள். கேரளக் கரையோரம் என்றால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை எத்தனை நாள் தின்கிறது, அந்த மாதங்களின் ஹாஸ்டல் செலவு யார் தலையில்? 2025 முதல் டிஜிசிஏ பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். டீக்கடைப் பதில் அதைவிடப் புதியதாக இருக்கும்.

வெளிநாட்டுப் பள்ளி மலிவு, சீக்கிரம் என்பார்கள். சீக்கிரம் என்பது பல நேரம் உண்மை. மலிவு என்பது டாலரைப் பொறுத்தது. திரும்பி வந்து இங்கே உரிமத்தை மாற்றவும் தேர்வும் செலவும் உண்டு. இதில் என் அனுபவம் ஒரே ஒரு கடன்தான், அதை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன்.

பணமே வேண்டாத வழியும் இருக்கிறது. தங்கைக்குப் பத்தொன்பதரை வயது ஆகவில்லையென்றால் என்டிஏ, அதாவது முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின், தேர்வு எழுதலாம். 2022 முதல் பெண்கள் அங்கே பயிற்சியில் இருக்கிறார்கள். விமானப்படை கிடைத்தால் பறக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் கொடுக்கும். கடினம்தான், ஆனால் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானிப் பயிற்சி அகாடமியான இக்ருவா இருக்கிறது. கட்டணம் தனியார் அளவுக்கு அருகில்தான், ஆனால் நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுப்பதாலும் அரசு நிறுவனம் என்பதாலும் வங்கியில் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு.

கன்சல்டன்சி விஷயம். கிளாஸ் 1 கேட்காமல், ஒரு தேர்வு மார்க்கும் பார்க்காமல், பத்து லட்சத்துக்குச் சீட்டு உறுதி என்கிறவர் எதை உறுதி செய்கிறார்? டிஜிசிஏ தளத்தில் பட்டியலிட்ட பள்ளியில் நீங்களே நேராகச் சேரலாம், நடுவில் ஆள் தேவையில்லை. கடனையும் அவரே முடித்துத் தருகிறார் என்றால் யார் பேரில், எந்த வட்டிக்கு, எந்த நிதி நிறுவனத்தில் என்று பாருங்கள். அப்பாவை வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் ரசீது எந்தப் பேரில் இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஆதாரத்தில் புரயிடமா நிலமா என்பதையும் பார்த்து எழுதுங்கள். படம் போட வேண்டாம், சர்வே எண்ணை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல் போதும்.